ஆறு துளை, இருபத்துநாலு லிட்டர்: ரோஸ் ஹில் வீட்டறையில் மண்ணில்லாக் கீரை

2024 மார்ச் 9 அன்று ஆறு லெட்டூஸ் செடிகளையும் பெட்டியிலிருந்து தூக்கி, வேரை வெட்டிப் போட்டுவிட்டுத் தராசில் வைத்தால் 735 கிராம். மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊர்ச் சந்தையில் இவ்வளவு கீரையைச் சில்லறைக் காசுக்கு வாங்கிவிடலாம். அதே பெட்டியில் அதற்கு முன் இரண்டு சுற்றுச் செடிகள் செத்துப்போயிருந்தன. அதனால்தான் இந்த 735 கிராமுக்கு ஒரு பதிவு. இரண்டு முறையும் இலை மஞ்சளாகி வாடியது. பார்த்தால் சத்துக்குறை போலவே இருந்தது. இரண்டு முறையும் தண்ணீரில் எதையாவது கூடுதலாகக் கொட்டினேன். இரண்டு முறையும் உரத்தில் குறையே இல்லை.

அமைப்பு மிக எளிய வகை: வேர் எந்நேரமும் கரைசலில் தொங்கும், அடியிலிருந்து காற்றுக் குமிழி வரும். நீரைச் சுற்றவிடும் மோட்டார் கிடையாது. 50 × 34 செ.மீ. அகலத்தில், 22 செ.மீ. உயரத்தில் மூடி போட்ட 32 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே 24 லிட்டர் கரைசல். மூடியில் இரண்டு வரிசையாக ஆறு துளை, துளைக்குத் துளை 16 செ.மீ. ஒவ்வொரு துளையிலும் 5 செ.மீ. வலைத்தொட்டி. மீன்தொட்டிக் கடையில் வாங்கிய இரட்டைக் குழாய்க் காற்றுப் பம்பு, 4 வாட், நிமிடத்துக்கு 4 லிட்டர். மேலே 60 செ.மீ. எல்.இ.டி. குழல்விளக்கு, ஒவ்வொன்றும் 10 வாட், முதலில் இரண்டு மட்டும்.

மூடியைத் துளைக்கும்போது ஒரு எச்சரிக்கை. 51 மி.மீ. வட்ட ரம்பத்தைத் துளைப்பானில் மாட்டி வழக்கமான திசையில் ஓட்டினால் பற்கள் பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுக்கும். முதல் துளையிலேயே மூடி ஓரம் வரை கீறிவிட்டது. எதிர்த்திசையில், மெதுவாக, அடியில் ஒரு பலகையை வைத்து ஓட்டினால் உரசி உருகியபடி சுத்தமாக இறங்கும். மீதி ஐந்தும் அப்படித்தான் போட்டது. கீறலை நாடா ஒட்டிச் சமாளித்தாயிற்று.

ஆரம்பச் செலவு, மொரீஷியஸ் ரூபாயில்: பெட்டி 475, பம்பு 650, காற்றைக் குமிழியாக்கும் காற்றுக்கல் ஒன்று 60, குழாய் 80, விளக்கு இரண்டு 550, விளக்கை ஏற்றி அணைக்கும் நேரக்கருவி 325, பி.எச். பேனா (நீரின் அமிலத்தன்மை அளக்க) 950, ஈ.சி. பேனா (நீரில் கரைந்த உரத்தின் செறிவு பார்க்க) 600, 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு 350, வலைத்தொட்டி ஆறு 90, களிமண் உருண்டை 180, உரப்பொடி மூன்று பை 540, விதை 75. மொத்தம் 4,925. பெட்டியும் நேரக்கருவியும் கென்காய்ரியில், அதாவது ஊர் இரும்புக்கடையில், கிடைத்தவை. காற்றுக்கல்லை ஒன்றோடு நிறுத்தி 60 ரூபாய் மிச்சம் பிடித்ததுதான் பின்னால் நிறையச் செலவு வைத்தது.

முதல் சுற்று: அக்டோபர் 7 முதல் நவம்பர் 20 வரை

விதையைப் பாத்திரம் கழுவும் பஞ்சில் போட்டேன். கிருமிநாசினி சேர்க்காத வெறும் பஞ்சு, 2.5 செ.மீ. கட்டிகளாக வெட்டி, நடுவில் ஒரு கீறல். மூன்றாம் நாள் முளை. ஆறாம் நாள் பார்த்தால் தண்டு நூல் மாதிரி 5 செ.மீ. நீண்டு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

விளக்கு 45 செ.மீ. உயரத்தில் தொங்கியது. கண்ணுக்கு அறை பளிச்சென்றுதான் இருந்தது. கண்ணை நம்பினால் இப்படித்தான். கைபேசியில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் செயலியை இறக்கி, இலை இருக்கும் மட்டத்தில் கைபேசியை மல்லாக்க வைத்துப் பார்த்தால் 3,000 லக்ஸ். வெள்ளை எல்.இ.டி.க்குத் தோராயமாக 70 லக்ஸுக்கு ஒரு மைக்ரோமோல் (செடி பயன்படுத்தும் ஒளியை அளக்கும் அலகு) என்று வைத்தால், செடிக்குக் கிடைத்தது 43. லெட்டூஸுக்கு 200 பக்கம் வேண்டும். இன்னும் இரண்டு குழல் வாங்கி, நான்கையும் இலைக்கு மேலே 15 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் 12,000 லக்ஸ், அதாவது 170. ஒரு நாளுக்கு 16 மணி நேரம் எரித்தால் போதுமான அளவு. தாராளம் என்று சொல்ல முடியாது. நீண்டுபோன நாற்று இதற்கப்புறம் குட்டையாகாது. அதைத் தண்டு மறையுமளவுக்குப் பஞ்சோடு ஆழமாக இறக்கி வைக்கிற வழக்கம் உண்டு. வைத்தேன், தண்டு அழுகியது. மறுபடி விதைப்பதே விரைவு.

அடுத்தது உரம். மூன்று பொடி: 4-18-38 (நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் சதவீதம்) என்று அச்சிட்ட கலவை, கால்சியம் நைட்ரேட், எப்சம் உப்பு எனும் மெக்னீசியம் சல்பேட். முழு வீரியத்துக்கு லிட்டருக்கு 0.6, 0.6, 0.3 கிராம். லெட்டூஸுக்கு அதில் பாதி போதும். 24 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் கலவை 7 கிராம், எப்சம் 3.5, கால்சியம் நைட்ரேட் 7.

தினமும் தராசை எடுக்கச் சோம்பல்பட்டு, மூன்றையும் ஒரே ஒரு லிட்டர் பாட்டிலில் அடர்த்தியாகக் கரைத்து வைத்தது தவறு. பத்து நிமிடத்தில் பாட்டில் மோர் போல வெளுத்தது. மறுநாள் அடியில் ஒரு விரற்கடை வெள்ளை மண்டி. கால்சியம் அடர்த்தியான நீரில் சல்பேட்டையும் பாஸ்பேட்டையும் பார்த்தால் பிடித்துக்கொண்டு கல்லாகிவிடும். மேலே இருந்த தெளிவை ஊற்றினால் செடிக்குக் கால்சியமும் பாஸ்பரசும் போய்ச் சேராது. மூன்றையும் பெட்டியிலுள்ள முழு நீரில்தான் சந்திக்கவிட வேண்டும்: முதலில் கலவை, முற்றிலும் கரைந்தபின் எப்சம், ஐந்து நிமிடம் கழித்துக் கடைசியாகக் கால்சியம் நைட்ரேட், அதுவும் தனியாக ஒரு டம்ளர் நீரில் கரைத்து. கலவையையும் எப்சமையும் ஒரு பாட்டிலில், கால்சியத்தை வேறொரு பாட்டிலில் அடர்த்தியாக வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

ஈ.சி. பேனாவில் சிக்கல் வேறு விதம். அது பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று காட்டியது. கையில் இருந்த அட்டவணை லெட்டூஸுக்கு 560 முதல் 840 என்றது. 840-க்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். பேனா உண்மையில் அளப்பது நீரின் மின்கடத்தும் திறனை, அதாவது ஈ.சி.யை மட்டுமே; அதை ஒரு எண்ணால் பெருக்கி பி.பி.எம். ஆக்குகிறது. சில பேனா 500-ஆல் பெருக்கும், சில 700-ஆல். அட்டவணை 700-ஐச் சேர்ந்தது, பேனா 500-ஐச் சேர்ந்தது. அப்படியானால் நான் வைத்தது 1.2 இல்லை, 1.68 மில்லி சீமன்ஸ். வளர்ந்த லெட்டூஸ் அதைத் தாங்கும். இரண்டு இலை நாற்று தாங்காது, நுனி கருகும். பேனாவில் பொத்தானை இரண்டு முறை அமுக்கினால் சீமன்ஸிலேயே காட்டும். அன்றிலிருந்து பி.பி.எம். பக்கமே போகவில்லை. நாற்றுக்கு 0.5, நான்கு இலைக்கு மேல் 0.8, மூன்றாம் வாரத்திலிருந்து 1.2. கூரைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரின் ஈ.சி. 0.15 இருந்தது, இது அந்தக் கணக்குக்கு உள்ளேயே சேர்ந்தது. குளோரின் போக, நீரைப் பிடித்து ஒரு நாள் குமிழி விட்டு வைக்கிறேன்.

இதையெல்லாம் சரி செய்தபிறகும் நவம்பர் முதல் வாரத்தில் இளம் இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சை, இடைப்பகுதி எலுமிச்சை நிறம். அடியிலுள்ள முதிர்ந்த இலை நன்றாகவே இருந்தது. புது இலையில் இப்படி வந்தால் இரும்புச்சத்து போய்ச் சேரவில்லை என்று பொருள். பழைய இலையில் வந்தால் மெக்னீசியம் அல்லது நைட்ரஜன். அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் உரத்தைக் கூட்டி ஈ.சி.யை 2.4 வரை கொண்டுபோனேன். மஞ்சள் போகவில்லை, ஓரம் கருகியது மட்டும் புதிதாக வந்தது.

பி.எச். பேனா 6.0 காட்டிக்கொண்டே இருந்தது. அதனால் அந்தப் பக்கம் சந்தேகமே வரவில்லை. கடைசியில் பேனாவைச் சரிபார்க்க உதவும், பி.எச். 7.00 காட்ட வேண்டிய அளவுத்தூளை வாங்கிக் கரைத்துப் பேனாவை நனைத்தால் 6.2 என்றது! பேனா 0.8 குறைவாகக் காட்டுகிறது; பெட்டியில் உண்மையில் இருந்தது 6.8. அந்த அளவில் சாதாரணப் பொடியிலுள்ள ஈ.டி.டி.ஏ. எனும் பொருளோடு பிணைத்த இரும்பு வேருக்குக் கிடைக்காமல் போய்விடும். நீரில் இரும்பு நிறைய இருக்கிறது, செடிக்கு இல்லை. காரணம் பேனாவின் முனை காய்ந்திருந்தது. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஈரமே இல்லை. அந்தக் கண்ணாடி முனை எப்போதும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்திருக்க வேண்டும். மூடிக்குள் நான்கைந்து சொட்டு போதும். வெறும் காய்ச்சிவடித்த நீரில் ஊறவைப்பது காயவிடுவதைவிடச் சற்றுத்தான் மேல். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 7.00, 4.01 இரண்டிலும் சரிபார்க்கிறேன். 160 ரூபாய்த் தூள், 950 ரூபாய்ப் பேனாவைவிட உபயோகமான பொருள்.

பி.எச். இறக்க முதலில் ஊற்றியது வினிகர். வீட்டில் இருந்தது, அதனால். 6.8 இறங்கி 5.9 ஆகும், மறுநாள் மறுபடி 6.6. தினமும் ஊற்றினேன். ஐந்தாம் நாள் நீர்மட்டத்தில் மெல்லிய ஏடு, விரலால் தொட்டால் கோழை. அசிட்டிக் அமிலம் பாக்டீரியாவுக்குத் தீனி. அது தின்று தீர்த்ததும் பி.எச். திரும்ப ஏறும், பாக்டீரியா பெருகி நீரிலுள்ள ஆக்சிஜனையும் குடிக்கும். எலுமிச்சைச் சாறும் இதே கதைதான். பாஸ்பாரிக் அமிலம் அப்படித் தின்னப்படுவதில்லை. 10 சதவீதத்துக்கு நீர்த்தது 150 ரூபாய்க்குக் கிடைத்தது. 24 லிட்டருக்கு முதலில் 5 மி.லி., அரை மணி நேரம் குமிழி ஓடவிட்டு அளப்பது, பிறகு ஒவ்வொரு மி.லி.யாக. 5.8-ல் நிறுத்தினால் மூன்று நான்கு நாள் 6.2-க்குள் நிற்கிறது. அடர் அமிலம்தான் கிடைத்தால் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம்.

நவம்பர் 20 அன்று முதல் சுற்றைக் கொட்டினேன்.

இரண்டாம் சுற்று: நவம்பர் 25 முதல் ஜனவரி 15 வரை

இம்முறை எல்லா எண்ணும் சரி. 12,000 லக்ஸ், ஈ.சி. 0.8, பி.எச். 5.8. டிசம்பர் நடுவரை அழகாக வந்தது. டிசம்பர் 24 மதியம் ஆறில் நான்கு செடி தொங்கின. மாலையில் நிமிர்ந்தன. மறுநாள் மதியம் மறுபடி தொங்கின.

நீர் நிறைந்த பெட்டியில் செடி வாடுகிறது என்றால் இலையைப் பார்ப்பதில் பயனில்லை; தொட்டியைத் தூக்கி வேரைப் பார்க்க வேண்டும். அதை நான்கு நாள் கழித்து, 28-ஆம் தேதிதான் செய்தேன். நடுவிலுள்ள நாட்களில் என்ன செய்தேன் என்றால், வேறென்ன, உரம்.

வேர் பால்வெள்ளையாக இருக்க வேண்டியது தேநீர்ச் சாயத்தில் இருந்தது. ஒரு வேரை இரு விரலுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்தால், மேல்தோல் காலுறை கழல்வது போல வழுக்கி வந்துவிட, உள்ளே தையல்நூல் கனத்தில் ஒரு வெள்ளை இழை மட்டும் நின்றது. இது வேரழுகலின் அடையாளம்; பித்தியம் எனும் நீர்ப்பூஞ்சை வகை வந்தால் இப்படித்தான் கழலும். உரக்கறை படிந்த வேரும் பழுப்பாக இருக்கும், ஆனால் அது உறுதியாக இருக்கும், தோல் கழலாது, நாற்றம் வராது. இதில் குட்டை நாற்றம்.

வெப்பமானியை விட்டால் கரைசல் 29 டிகிரி. இங்கே கோடையான டிசம்பரில் சமதளக் காங்கிரீட் கூரையின் கீழே, மேற்குச் சுவரையொட்டி, அலமாரியின் மேல்தட்டில் பெட்டி. அதன்மேல் பகல் முழுக்க 40 வாட் விளக்கு. 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9.1 மி.கி. ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30-ல் 7.5 தான். சூட்டில் வேர் மூச்சுவிடும் வேகமும் கூடும். தேவை ஏறுகிறது, இருப்பு இறங்குகிறது. நோய்க்கோ அந்தச் சூடு மிகப் பிடித்தது. போதாக்குறைக்கு இரட்டைக் குழாய்ப் பம்பில் ஒரு குழாய்க்கு மட்டும்தான் கல். மற்றதை முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். பெட்டியின் மறுபக்கத்து இரண்டு செடிதான் முதலில் போனவை.

இன்னொன்று: பெட்டி பால்நிறத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். உள்சுவர் முழுக்கப் பாசி. பகலில் அது ஆக்சிஜன் விடும், இரவில் திருப்பி வாங்கிக்கொள்ளும், செத்தால் அழுகும்.

கைமருந்தாக 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, லிட்டருக்கு 3 மி.லி. கணக்கில் 72 மி.லி. விட்டேன். நுரைத்தது, வேர் கொஞ்சம் வெளுத்தது, இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் பழையபடி. நீர் 29 டிகிரியிலேயே இருக்கும்போது எந்த மருந்தும் நோயை ஒத்திப்போடும், அவ்வளவுதான். நான்கு செடியைத் தூக்கி எறிந்தேன், இரண்டை வைத்திருந்தேன்.

அந்த இரண்டையும் முடித்தது மின்வெட்டு. 2024 ஜனவரி 15, பெலால் புயல் நாள். பம்பு தரையில் இருந்தது, பெட்டி அலமாரியில். மின்சாரம் போய்க் காற்று நின்றதும், நீர் காற்றுக்கல் வழியே குழாய்க்குள் ஏறி, மறுபக்கம் இறங்கத் தொடங்கிவிட்டது. ஒருமுறை இறங்க ஆரம்பித்தால் தானாக நிற்காது. பம்புக்குள் இருக்கும் ரப்பர் நாக்கு சற்றுத் தடுக்கும், முழுக்கத் தடுக்காது. மின்சாரம் திரும்பியபோது தரையில் 5 லிட்டர், அதன் நடுவே பம்பு. நல்ல வேளையாக மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருந்தது, மின்சாரத்தைத் துண்டித்தது. அது இல்லாத வீட்டில் தண்ணீரும் விளக்கும் ஒரே இடத்தில் வைப்பதே தவறு. கம்பிகள் எல்லாம் செருகிக்குப் போகுமுன் ஒரு முறை கீழே தொங்கி மேலேறட்டும். வழிந்துவரும் சொட்டு அந்தத் தொங்கலில் விழுந்துவிடும்.

நேரக்கருவியும் அன்று ஏமாற்றியது. பல்சக்கரம் சுற்றும் வகை, மின்சாரம் இல்லாத நேரம் அதற்கு இல்லாத நேரமே. ஆறு மணி நேரம் பின்தங்கி நின்றது. கவனிக்காவிட்டால் குளிர்ந்த நேரத்துக்கு வைத்த விளக்கு மதியத்தில் எரியும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் முள்ளைத் திருப்பி வைக்கிறேன். அடுத்து வாங்குவது உள்ளே மின்கலம் உள்ளதாக இருக்கும்.

மூன்றாம் சுற்று

முதலில் பெட்டி, குழாய், வலைத்தொட்டி, களிமண் உருண்டை எல்லாவற்றையும் ஜாவெல் (குளோரின் கலந்த வெளுப்புநீர்) ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, வாசனை போகும்வரை கழுவினேன். வினிகரோ வேறு அமிலமோ மிச்சமிருக்கும் பெட்டியில் ஜாவெல் ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். முதலில் வெறும் நீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் ஜாவெல். காற்றுக்கல்லின் நுண்துளைகளைச் சுத்தம் செய்ய முடியாது. புதிதாக இரண்டு, 120 ரூபாய். பம்பைக் காயவைத்ததும் ஓடியது.

பெட்டியின் வெளிப்புறமும் மூடியும் அலுமினிய நாடா, 140 ரூபாய். உள்ளே ஒளி போகிறதா என்று பார்க்க, இரவில் காலிப் பெட்டிக்குள் கைபேசி விளக்கை எரியவிட்டு மூடி, அறை விளக்கை அணைத்துப் பார்க்க வேண்டும். மூடியின் பழைய கீறலும் குழாய் நுழையும் துளையும் நட்சத்திரம் போல மின்னின. அவற்றையும் அடைத்தேன். அதன் மேல் நாற்புறமும் 2.5 செ.மீ. வெள்ளைத் தெர்மோகோல், 120 ரூபாய்.

பெட்டியை அலமாரியிலிருந்து கீழே, மேற்குச் சுவரிலிருந்து விலக்கி, தரையோட்டின் மேல் வைத்தேன். இது ஒன்றுக்கே இரண்டு டிகிரி குறைந்தது, செலவில்லாமல். விளக்கை மாலை 6 முதல் காலை 10 வரை மாற்றினேன்; செடிக்கு எது பகல் என்பதை நேரக்கருவிதான் சொல்கிறது. அதில் ஒரு டிகிரி. மீதிக்கு உறைந்த பாட்டில். அரை லிட்டர் பனிக்கட்டி, இருபது லிட்டர் நீரைச் சுமார் இரண்டரை டிகிரி இறக்கும். மதியம் ஒன்று, மூன்றரைக்கு ஒன்று. பாட்டிலின் வெளிப்புறம் கழுவியிருக்க வேண்டும். பனிக்கட்டியை நேராகப் போட்டால் கரைசல் நீர்த்துவிடும். பிப்ரவரி முழுவதும் 24 முதல் 25.5 வரை நின்றது. 20 என்பது குளிர்விக்கும் கருவி இல்லாமல் இந்த ஊர்க் கோடையில் கிடைக்காது. 25-க்குக் கீழே இருந்தாலே வேர் வெள்ளையாக வருகிறது.

பம்பை நீர்மட்டத்துக்கு மேலே ஒரு கையளவு உயரத்தில் சுவரில் தொங்கவிட்டேன். அது ஒன்றே போதும். கூடவே ஒவ்வொரு குழாயிலும் 40 ரூபாய் ஒருவழி அடைப்பு (வால்வு). ஒன்றைத் திருப்பி மாட்டி, குமிழி வரவில்லை என்று பம்பைத் திறந்து அரை மணி நேரம் தேடினேன். வாயால் ஊதிப் பார்த்தால் எந்தப் பக்கம் போகிறது என்று உடனே தெரியும். அந்தப் பக்கம் பெட்டியை நோக்க வேண்டும்.

நீர்மட்டம் பற்றி இரண்டு சுற்றிலும் தவறாகச் செய்ததை இங்கே திருத்தினேன். நாற்று வைக்கும்போது நீர் வலைத்தொட்டியின் அடியை ஒரு செ.மீ. தொட வேண்டும். வேர் வெளியே வந்து 6, 7 செ.மீ. தொங்கியதும் மட்டத்தை 4 செ.மீ. இறக்கி, அப்படியே விட வேண்டும். அந்த இடைவெளியில் வேர் பஞ்சு போலக் குட்டைத் தூவிகளோடு வளரும். அது காற்றைக் குடிக்கும் வேர். முன்பெல்லாம் வாரம் ஒருமுறை விளிம்பு வரை நிரப்பி அதை மூழ்கடித்துக்கொண்டிருந்தேன். இந்த இடைவெளி இருந்தால் மின்வெட்டின்போதும் செடி பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். நீண்ட வெட்டென்றால் இரண்டு மணிக்கொருமுறை ஒரு குவளையால் கரைசலை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து பத்துப் பதினைந்து முறை ஊற்றினால் போதும்.

நிரப்பும்போது பேனாவைக் கேட்டேன். மட்டம் இறங்கி ஈ.சி. ஏறியிருந்தால் செடி நீரை அதிகம் குடிக்கிறது, வெறும் நீர் விட வேண்டும். இரண்டும் இறங்கியிருந்தால் பாதி வீரியக் கரைசல். பிப்ரவரி வெயிலில் பெரும்பாலும் வெறும் நீர்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றம். பழைய கரைசல் வெளியே நிற்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கு.

முப்பத்தைந்தாம் நாள் வாக்கில் உள்ளிலைகளின் ஓரம் பழுப்பாகி மடங்கியது. கால்சியம் என்று படித்ததும் கை தானாகக் கால்சியம் நைட்ரேட் பைக்குப் போனது. 2 கிராம் போட்டும் விட்டேன். நீரில் கால்சியம் முன்பே போதுமான அளவு இருந்தது. கால்சியம் இலைக்குப் போவது நீர் ஆவியாகும் இழுப்பில். ஈரக்காற்று அசையாமல் நிற்கும் மூலையில், பொதிந்திருக்கும் உள்ளிலையிலிருந்து எதுவும் ஆவியாகாது. 250 ரூபாய்க்கு 12 செ.மீ. கணினி விசிறி ஒன்றை இலை மட்டத்தில் பக்கவாட்டில் வைத்தேன். இலை லேசாக நடுங்கினால் போதும், படபடக்கக் கூடாது. பழைய கருகல் மாறாது. அடுத்து வந்த இலைகள் சுத்தம்.

ஜனவரி 20 விதைத்து மார்ச் 9 அறுவடை, 49 நாள். மிகச் சிறியது 96 கிராம், மிகப் பெரியது 148.

கொத்தமல்லி தனி வழக்கு. மொரீஷியஸ் கிரியோலில் அதற்குப் பெயரே கோத்தோமிலி. நம் பெயரோடு இங்கே வந்த செடி, இந்தப் பெட்டியில் கோடை முழுக்க முரண்டு பிடித்தது. முதல் இரண்டு சுற்றிலும் ஓரத் துளையில் வைத்தது பத்துக்கு இரண்டு முளைத்து, நாலு இலை விட்டதும் பூத்தண்டு கிளப்பியது. சூட்டில் அதன் குணம் அது; உரமும் விளக்கும் மாற்றிப் பயனில்லை. மே 4 அன்று, அறை 22, 23 டிகிரிக்கு இறங்கியபின், ஆறு துளையிலும் அதையே போட்டேன். நாம் விதை என்பது இரண்டு விதை ஒட்டிய காய். சப்பாத்திக் கட்டையால் மெதுவாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து, ஒரு பஞ்சுக்கு எட்டுப் பத்துப் பாதிகள், மேலே கறுப்புத் துணி. ஒன்பதாம் நாள் முளை. ஈ.சி. 1.4, பி.எச். 6.0. ஜூன் 22 முதல் வெட்டு, ஒரு தொட்டிக்குச் சராசரி 58 கிராம். அடியில் 4 செ.மீ. விட்டு வெட்டினால் இரண்டாவது வெட்டும் வருகிறது, ஆனால் பாதிதான்.

பின்னால் சேர்ந்த செலவு: விளக்கு இரண்டு 550, அளவுத்தூள் 160, அமிலம் 150, கல் 120, அடைப்பு 80, நாடா 140, தெர்மோகோல் 120, விசிறி 250, ஆக 1,570. மொத்தம் 6,495. மின்சாரம்: விளக்கு நாளுக்கு 0.64 யூனிட், பம்பு 0.1, மாதத்துக்கு 22 யூனிட் சொச்சம். இந்தக் கணக்கில் சந்தைக் கீரையோடு போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம்.

மறுபடி தொடங்கினால் 32 லிட்டர்ப் பெட்டி வாங்க மாட்டேன். 60 லிட்டர்ப் பெட்டி அப்போது இருநூறு ரூபாய்தான் கூட இருந்தது. நீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு மெதுவாகச் சூடும் பி.எச்.சும் நகரும், தப்பு செய்தாலும் திருத்த நேரம் கிடைக்கும். அடியில் ஒரு வடிகுழாய் பொருத்துவேன். ஆறு செடி நிற்கும் மூடியை ஒருவராகத் தூக்கிக்கொண்டே நீரை மொள்ளுவது பெரிய அவஸ்தை. வெப்பமானிதான் முதலில் வாங்கும் பொருளாக இருக்கும், ஈ.சி. பேனா அப்புறம். நவம்பரிலிருந்து மார்ச் வரை கொத்தமல்லி விதைப்பதில்லை. அந்த மாதங்களுக்கு அடுத்த முறை தொம் பூஸ் (பாக் சோய்) கீரை போட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு துளையில் இப்போதே நாற்று வைத்திருக்கிறேன். வேர் இன்று காலை 3 செ.மீ., வெள்ளை.